சுடுதண்ணிக்கு ஆகும் ரிப்பேர் செலவு: கொங்கு வீடுகளின் கணக்கு

தீபாவளிக்கு முந்தின வாரம் பவானியில் எலக்ட்ரீசியனைப் பிடிப்பது கஷ்டம். ஏழெட்டு மாதம் தொடாமல் கிடந்த கீசரை எண்ணெய்க் குளியலை உத்தேசித்துப் போட்டுப் பார்ப்பார்கள். சுவிட்சைத் தட்டியதும் மெயின் விழும். இல்லாவிட்டால் விளக்கு எரியும், தண்ணீர் சுடாது. இரண்டும் இல்லையென்றால் அடியில் சொட்டும். ஊரில் பாதி வீட்டுக்கு ஒரே வாரத்தில் ஒரே வேலை வந்தால் கூலி ஏறத்தானே செய்யும்?

சுடுதண்ணிச் சாதனம் பழுதானால் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்பது சின்னக் கேள்விதான். பதில்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஒருவருக்கு 400 ரூபாயில் முடிகிறது. அடுத்த தெருவில் அதே மாடலுக்கு 3,000 ஆகிறது. மூன்றாமவரிடம் “புதுசே வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்த வித்தியாசத்துக்கு மெக்கானிக்கின் பேராசையைக் காரணம் சொல்வது நம் வழக்கம். பெரும்பாலும் அது நியாயமில்லை. வீட்டுக்கு வரும் தண்ணீரும், உதிரிபாகம் கிடைக்கும் இடமும்தான் பில்லில் பெரும்பகுதியை எழுதுகின்றன. கூலி மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

முதலில் தண்ணீர். பவானி ஆறும் காவிரியும் கூடும் ஊர் இது. கூடுதுறையில் முழுகி எழ வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வருகிறார்கள். ஆனால் ஊரைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி வீடு கட்டியவர்களுக்குக் குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணிதான். நீலகிரிப் பக்கமிருந்து இறங்கி வரும் ஆற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு குறைவு, சோப்பு நன்றாக நுரைக்கும். பாறை இடுக்கில் வருஷக்கணக்காகத் தேங்கி, பல நூறு அடி ஆழத்திலிருந்து ஏறி வரும் தண்ணி அப்படியில்லை. கொங்கு நாட்டில் அதைச் சப்பத் தண்ணி என்போம். நம் மண்ணின் அடியில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே இல்லை. சங்ககிரியிலும் மதுக்கரையிலும் சிமெண்ட் ஆலை வந்தது சும்மாவா?

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி (ஐ.எஸ். 10500) தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத ஊருக்கு 600 வரை பொறுத்துக்கொள்கிறது. 600 உள்ள தண்ணியை ஒரு குடும்பம் கீசர் வழியாக நாளைக்கு 60 லிட்டர் செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசியிலிருந்து தை வரை ஏறத்தாழ 120 நாள். 7,200 லிட்டரோடு சேர்ந்து நான்கு கிலோவுக்கு மேல் உப்பு அந்தச் சின்ன டேங்குக்குள் புகுந்து வெளியேறுகிறது. பத்தில் ஒரு பங்கு உள்ளேயே தங்கினால்கூட ஒரே பருவத்தில் 400 கிராம் தாண்டிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் பிரிந்து, கரையாத சுண்ணாம்பாக மாறுகிறது. சூடு எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் படியும். அந்த இடம் காயில்.

இதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறப்பதில்லை. மெக்கானிக் மெயினை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, கீசரின் அடித்தட்டிலுள்ள நட்டுகளைக் கழற்றிக் காயிலை மெதுவாக வெளியே இழுப்பார். சுண்டுவிரல் தடிமனுக்குக்கூட இல்லாத அந்தக் குழாய், கட்டைவிரல் தடிமனுக்குப் பழுப்பும் வெள்ளையுமாக ஓடு கட்டியிருக்கும். அதோடு முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டதுபோல் சில்லுகள் வாளியில் கொட்டும். பக்கத்திலேயே இன்னொரு கம்பி தெரியும், அதுதான் ஆனோடு. கனமாக இருந்த மக்னீசியம் முழுக்கக் கரைந்து, நடுவிலிருந்த மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் மிச்சமிருக்கும். “இத மாத்தி எத்தன வருஷம் ஆச்சுங்க?” என்று கேட்பார். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே வீட்டுக்காரருக்கு அப்போதுதான் தெரியும்.

ஓடு கட்டிய காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே காய்ந்து, வெளித்தகடு வெடிக்கிறது. ஈரம் உள்ளே போய் மின்சாரம் தண்ணீரில் கசிகிறது. வீட்டில் மின்கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் மெயின் விழும், விழுவது நல்லது. இல்லாத வீட்டில் குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். “லேசாத்தான் ஷாக் அடிக்குது” என்று ஒரு வாரம் தள்ளிப்போடுபவர்களைப் பற்றி என்ன சொல்ல! ஈரக் காலோடு நிற்கும் இடத்தில் லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது.

இனி ரூபாய்க் கணக்கு. இங்கே சொல்லும் தொகைகள் கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறக்கூடியவை. ஒரு மதிப்புக்காக வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர், 25 லிட்டர் கீசருக்கான 2 கிலோவாட் காயில் 400-லிருந்து 900 ரூபாய்க்குள் கிடைக்கிறது. செம்புக் காயிலைவிடக் கண்ணாடிப் பூச்சு போட்டதற்கும், சப்பத் தண்ணிக்கென்று விற்கும் இன்கலாய் காயிலுக்கும் விலை கூடுதல். தெர்மோஸ்டாட் 250-லிருந்து 500. சூடு மீறினால் அணைக்கும் கட்-அவுட் அதைவிட மலிவு. ஆனோடு 300-லிருந்து 600. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் ஏறத்தாழ அவ்வளவுதான். உள்ளூர் ஆள் கழற்றி, உப்பைச் சுரண்டி, மாட்டிக் கொடுக்க 300-லிருந்து 600 வாங்குவார். கம்பெனி சர்வீஸ் என்றால் வீட்டுப்படி ஏறுவதற்கே ஒரு தொகை உண்டு, பொருளுக்கும் வேலைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. ஆக, காயில் போன கீசருக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தால் அது நியாயமான பில். காயிலோடு தெர்மோஸ்டாட், ஆனோடு, கேஸ்கெட் எல்லாம் சேர்த்து மாற்றி மூவாயிரம் வந்தாலும் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லி வாங்கிப் பாருங்கள்.

காசே செலவில்லாத பழுதும் உண்டு. “தண்ணி முன்ன மாதிரி சுடறதில்லைங்க” என்ற புகாருக்குப் பல வீடுகளில் கீசர் காரணமில்லை, வோல்டேஜ்தான் காரணம். காயிலின் சக்தி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 2,000 வாட் இழுக்கும் காயில் 180 வோல்ட்டில் 1,200 வாட்தான் தரும். தறி ஓடும் ஊரில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவது புதிதல்ல. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். முழு வோல்டேஜில் கால் மணி நேரம், 180-இல் 26 நிமிடம். பொறுமையாக இன்னும் பத்து நிமிடம் விட்டுப் பார்த்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

பணம் கொடுத்தும் சரிசெய்யக் கூடாத பழுது டேங்க் ஓட்டை. இரும்பு டேங்கின் உள்பக்கம் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் இருக்கும். அந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்காமல் அதற்குப் பதிலாகத் தான் கரைவதுதான் ஆனோடின் வேலை. அது தீர்ந்த நாளிலிருந்து டேங்க் கரையத் தொடங்குகிறது. 400 ரூபாய்க் கம்பியை மாற்றாததற்கு 8,000 ரூபாய் டேங்கைப் பறிகொடுப்பதுதான் கொங்கு வீடுகளில் அதிகம் நடக்கும் நஷ்டம் என்பது என் கணிப்பு. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள பூச்சு கருகி, அடுத்த வருஷம் அந்த இடத்தைச் சுற்றியே ஓட்டை விழும். அழுத்தம் தாங்க வேண்டிய பாத்திரம் அது.

புதிய 15 லிட்டர் கீசர் இன்று ஏறத்தாழ 6,500-லிருந்து 11,000 வரை விற்கிறது. ஏழு வருஷத்துக்கு மேலான கீசருக்குப் புதுசு விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் கேட்டால் விட்டுவிடலாம். ஐந்து வருஷத்துக்குள் என்றால் முதலில் உத்தரவாத அட்டையைத் தேடுங்கள். இயந்திரத்துக்கு 2 வருஷம், காயிலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், டேங்குக்கு 5 அல்லது 7 வருஷம் என்று உத்தரவாதம் தனித்தனியாக இருக்கும். உப்புப் படிவால் வரும் பழுதை விலக்கி வைத்திருக்கிறார்களா, ஆனோடைக் காலத்தில் மாற்ற வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்று அதே அட்டையின் பொடி எழுத்தில் பாருங்கள். சப்பத் தண்ணி ஊரில் அந்தப் பொடி எழுத்துதான் உத்தரவாதத்தின் உண்மையான அளவு.

மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. காயில் மாற்றினால் புது ஹீட்டர் விலையில் நாலில் ஒரு பங்கு போய்விடும். இரண்டாவது முறை போனால் புதுசு வாங்குவதே லாபம். வாளியில் போடும் ஹீட்டர் ராடை ரிப்பேர் செய்யவே கூடாது. கேஸ் கீசர் வைத்தவர்கள் ரிப்பேர் செலவைவிடக் காற்றோட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். சாத்திய குளியலறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. நம் நாட்டில் அதற்கு உயிர் போன செய்திகள் குளிர்காலம்தோறும் வருகின்றன.

மொட்டை மாடி சோலார் வேறு கதை. வெயிலுக்குக் குறைவில்லாத கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் சுடுதண்ணி சோலார் வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. கரண்ட் பில் குறையும் என்று வாங்கினார்கள், குறைந்தும் இருக்கிறது. ஆனால் “சோலாருக்குச் செலவே இல்லீங்க” என்று விற்றவர் சொன்னது பாதி உண்மைதான்.

இதில் இரண்டு வகை. கறுப்புத் தகட்டின் கீழ் மெல்லிய செம்புக் குழாய்கள் ஓடும் தட்டு வகை ஒன்று. வரிசையாகக் கண்ணாடிக் குழல்கள் செருகிய டியூப் வகை மற்றொன்று. தட்டு வகையில் செம்புக் குழாய்கள் அரை அங்குல அளவுதான். சப்பத் தண்ணி நேராக ஓடினால் சில வருஷத்தில் உள்விட்டம் அடைபட்டு, தண்ணீர் தானாகச் சுழல்வது நின்றுவிடும். அமிலம் விட்டுக் கழுவலாம். அளவு தப்பினால் செம்பையும் அரிக்கும் என்பதால் அனுபவமுள்ள கை வேண்டும், இரண்டாயிரத்துக்குக் குறையாது. டியூப் வகை நம் தண்ணிக்குப் பொறுத்துப் போகும். சுண்ணாம்பு குழலின் அடியில் போய் உட்காரும். குழலைக் கழற்றி உதறிக் கழுவி மறுபடி செருகிவிடலாம். உடைந்தால் ஒரு குழல் 300-லிருந்து 500 ரூபாய். 100 லிட்டர் சோலாரில் பத்துக் குழல் அளவில் இருக்கும். கொங்கு வீட்டில் குழல் உடைய முதல் காரணம் தென்னை. மட்டையோ நெற்றோ விழுந்தால் ஒன்றோடு நிற்காது. சோலார் வைக்கும் இடத்தை ஆள் வந்து அளக்கும்போது நிமிர்ந்து மரத்தையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்ல வேண்டும். வெயில் ஏறிய பிறகு, தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்த குழலுக்குள் குளிர்ந்த தண்ணியை விடுவது இன்னொரு காரணம். தொட்டி காலியாகிப் பகல் பன்னிரண்டு மணிக்கு மோட்டார் போடும் வீடுகளில் இது வாடிக்கை.

சோலாரில் பெரிய செலவு மேல் டேங்க்தான். எஃகு என்றால் துருப்பிடிக்காது என்று நம்புகிறோம். குளோரைடு உப்பு மிகுந்த சுடுதண்ணியில் சாதாரண 304 ரக எஃகும் வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனைத் துளை விழுந்து ஒழுகும். நொய்யல் கரையில் சாயக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்ன அளவுக்கு அது போனது. அந்த மாதிரித் தண்ணி ஓடும் பகுதியில் எஃகு டேங்க் சோலார் வாங்குவதும் ரிப்பேருக்கு முன்பணம் கட்டுவதும் ஒன்றுதான். அங்கே எனாமல் பூச்சு டேங்க், அல்லது வீட்டுத் தண்ணி தகட்டுக்குள் போகாமல் தனியாகச் சூடேறும் வெப்பப் பரிமாற்றி வகை வாங்க வேண்டும். விலை கூடுதல்தான். டேங்க் மாற்றுவதற்கு ஆவதோ, பல நேரம் புது சோலார் விலையில் பாதி.

இப்போது குளியல் தொட்டிக்கு வருவோம். பவானியில் ஜக்குஸி என்கிற சுழல்நீர்த் தொட்டி வைத்த வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கோவை, திருப்பூர் பக்கம் புதிதாக எழும் பெரிய பங்களாக்களில் ஜக்குஸி கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊட்டி, ஏற்காடு விடுதிகளில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து கேட்பவர்களும் உண்டு. இந்தத் தொட்டியின் பூர்வீகம் கொங்கு நாட்டுக்காரருக்கு ரசிக்கும்படியாக இருக்கும். இத்தாலியிலிருந்து கலிபோர்னியா போய்க் குடியேறிய ஜக்குஸி சகோதரர்கள் 1915-இல் தொடங்கிய கம்பெனி முதலில் விமான விசிறி செய்தது. 1921-இல் தங்கள் விமானம் விழுந்து சகோதரர்களில் ஒருவர் இறந்தபின் அதை விட்டுவிட்டு விவசாயக் கிணற்றுக்குப் பம்பு செய்யத் தொடங்கினார்கள். குடும்பத்தில் மூட்டுவாதத்தால் துடித்த ஒரு பையனுக்காக, குளியல் தொட்டிக்குள் வைக்கும் சிறு பம்பைச் செய்தார்கள். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. பம்பைத் தொட்டியோடு சேர்த்தே கட்டியது 1968-இல். ஆக, ஜக்குஸியின் உயிர் ஒரு பம்பு மோட்டார். பம்பு செய்வதையே பிழைப்பாகக் கொண்ட கோயம்புத்தூருக்கு அது ஒன்றும் அந்நியமில்லை.

ரிப்பேர் செலவும் இந்த உண்மையை ஒட்டியே பிரிகிறது. பம்பு சத்தம் போட்டால் பேரிங். அடியில் சொட்டினால் மெக்கானிக்கல் சீல். ஓடாமல் முனகினால் கெபாசிட்டர். கருகிய வாசனை வந்தால் வைண்டிங். நான்கும் ஈரோட்டிலோ கோவையிலோ எந்த மோட்டார் பட்டறையிலும் நடக்கும் வேலை. ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்குக் காயில் கட்ட இரண்டாயிரம் மூவாயிரம். பேரிங்கும் சீலும் சில நூறு. தண்ணி சுட வைக்கும் பாகமும் கீசர் காயிலின் உறவுதான். பிரச்சினை வெளிநாட்டிலிருந்து வந்த கண்ட்ரோல் போர்டு, தொடுதிரை, அந்தக் கம்பெனிக்கு மட்டும் பொருந்தும் ஜெட் முனைகள். அவை போனால் பில் ஐந்து இலக்கத்துக்குத் தாவும், பாகம் வந்து சேர மாதங்கள் ஆகும், அதுவரை தொட்டி துணி ஊறவைக்கத்தான் உதவும். குழாய்களைச் சுவருக்குள்ளும் டைல்ஸுக்கு அடியிலும் புதைத்துக் கட்டிவிட்டால் சொட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கவே கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். பிளம்பர் கூலியைவிடக் கொத்தனார் கூலி அதிகமாகிவிடும். தொட்டி வைத்தே தீருவேன் என்பவர், பக்கவாட்டில் கழற்றக்கூடிய பலகை ஒன்றையும் கோவைப் பம்பு பொருந்தும் அளவு இணைப்பையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெளியில் வைக்கும் 1,000 லிட்டர் தொட்டியை 25-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற 17 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 2016-இல் வந்த இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் பார்த்தால், ஆறு முறை நிரப்பிச் சுட வைத்ததுமே அது காலி.

கம்பெனி ஆள் வந்து தேவையில்லாததை மாற்றிவிட்டார், உத்தரவாதம் இருந்தும் காசு வாங்கிவிட்டார் என்ற குறை உள்ளவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் ஈரோட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை. “பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. கழிச்சுக்கலாங்க” என்ற சலுகையை ஏற்கும்போது புகார் செய்யும் வழியையும் சேர்த்துத்தான் கழிக்கிறோம்.

இத்தனை செலவையும் குறைக்கும் வழி ஒன்று பல வீடுகளில் ஏற்கெனவே மாடியிலேயே இருக்கிறது. கொங்கு நாட்டில் மொட்டை மாடியில் இரண்டு தொட்டி வைப்பது பழக்கம்: நல்ல தண்ணிக்குச் சின்னது, சப்பத் தண்ணிக்குப் பெரியது. நல்ல தண்ணியைச் சமையலறைக் குழாய்க்கு மட்டும் கொண்டுபோய்விட்டுக் கீசருக்குச் சப்பத் தண்ணியைக் கொடுக்கிறோம். கீசருக்கு ஆகும் 60 லிட்டரையும் நல்ல தண்ணித் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுத்துக் கொடுத்தால் காயில், ஆனோடு, டேங்க் எல்லாவற்றின் ஆயுசும் கூடும். குழாயும் கூலியும் சேர்ந்து ஒரு காயில் மாற்றும் செலவுக்குச் சற்று மேல் ஆகலாம், அவ்வளவே. இரண்டு தண்ணியும் ஒரே மிக்ஸர் குழாயில் சேருவதால், சப்பத் தண்ணி கீசர் பக்கம் திரும்பி ஏறாமலிருக்க ஒரு என்.ஆர்.வி. வால்வு போடச் சொல்லுங்கள், பிளம்பர் மறந்துவிடுவார். நகராட்சித் தண்ணி நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் தெருவில் இது நடக்காது. அங்கே ரெசின் வைத்த சாஃப்ட்னர்தான் வழி. வீடு முழுவதற்கும் போட்டால் பல ஆயிரம் ஆகும். கீசர் தலையில் மாட்டும் சின்ன ஃபில்டர் டப்பாக்கள் மண்ணைப் பிடிக்கும், கரைந்த சுண்ணாம்பைப் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். 60-ஐத் தாண்டினால் உப்பு படியும் வேகம் கூடிவிடும். சப்பத் தண்ணி வீடென்றால் வருஷம் ஒருமுறை, ஆற்றுத் தண்ணி வீடென்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசியிலேயே ஆளைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். உப்பைச் சுரண்ட 500, ஆனோடு மாற்ற 400. ஐப்பசி பிறந்துவிட்டால் அவர் போனை எடுக்க மாட்டார்.